பிள்ளைகளிடம் கேட்பதற்கு முன்: மறைக்கல்விக் கருத்துக்கணிப்பும் முன்சோதனையும்

பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். இயேசு அவரது கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். அவரைத் தொட்டபின், ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அந்த மனிதர் முகத்துக்காகப் பேசவில்லை. மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தோன்றுவதாக உள்ளதை உள்ளபடி சொல்லுகிறார். இயேசு கோபப்படவில்லை. மீண்டும் ஒருமுறை அவர் கண்களில் கைவைக்கிறார். அதன்பிறகே பார்வை முழுமையாகத் தெளிகிறது (மாற்கு 8:22-26).

இயேசுவே செய்துவிட்டுக் கேட்டார் என்றால், நாம் எவ்வளவு கேட்கவேண்டும்? நமது பங்குகளில் ஆண்டுதோறும் மறைக்கல்வி நடக்கிறது. தேர்வு வைக்கிறோம், பரிசு கொடுக்கிறோம், மறைக்கல்வி ஞாயிறு கொண்டாடுகிறோம். ஆனால் பிள்ளைகளுக்கு ஏதாவது 'தெரிகிறதா' என்று கேட்கிறோமா? கேட்டாலும், "மங்கலாகத்தான் தெரிகிறது" என்று அவர்கள் அச்சமின்றிச் சொல்லும் விதத்தில் கேட்கிறோமா?

இக்கேள்வி ஒரு பங்கில் எப்படி எழுந்தது, அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பகிர்ந்துகொள்வது மற்ற பங்குகளுக்கும் உதவும்.

ஒரே இரவில் நாற்பது கேள்விகள்

அந்தப் பங்கில் உறுதிபூசுதல் பெறும்வரை பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஒழுங்காக வந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு பாதிப்பேர்கூட வரவில்லை. பங்குப் பேரவையில் இதைப்பற்றிப் பேச்சு வந்தது. "நேரத்தை மாற்றுங்கள்" என்றார் ஒருவர். "இன்றைய பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை, கைப்பேசிதான் காரணம்" என்றார் இன்னொருவர். "வராதவர்களுக்காக ஏன் வகுப்பு நடத்தவேண்டும்? மேல்வகுப்புகளை மூடிவிடலாம்" என்ற கருத்தும் எழுந்தது. மறைக்கல்வி ஆசிரியர்கள் மனம் நொந்துபோனார்கள். ஊதியம் எதுவும் பெறாமல், ஞாயிறு ஓய்வையும் விட்டுக்கொடுத்துப் பணி செய்பவர்கள் அவர்கள்.

"முடிவெடுப்பதற்கு முன் பிள்ளைகளிடமே கேட்டுவிடுவோம்" என்றார் பங்குத்தந்தை. எல்லாருக்கும் அது சரியென்று பட்டது. இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே இரவில் நாற்பது கேள்விகளை எழுதி முடித்தார்கள். அடுத்த ஞாயிறு இருநூறு படிகள் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. அப்போது ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "இருநூறு வேண்டாம். முதலில் எட்டு எடுங்கள். எட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்போம்."

அந்த எட்டுப் படிகள் என்ன காட்டின என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம். அதற்கு முன், கேள்வித்தாள் தயாரிப்பதில் கவனிக்கவேண்டிய சில அடிப்படைகளைச் சிந்திப்போம்.

1. எந்த முடிவுக்காகக் கேட்கிறோம்?

கருத்துக்கணிப்பின் முதல் வேலை கேள்வி எழுதுவது அன்று. "இந்த விடைகள் கிடைத்தபின் நாம் எதை மாற்றத் தயாராக இருக்கிறோம்?" என்று நம்மையே கேட்பதுதான் முதல் வேலை. வகுப்பு நேரமா, பாடம் நடத்தும் முறையா, மேல்வகுப்புகளின் அமைப்பா? எதை மாற்றப் போகிறோமோ அதைப்பற்றி மட்டும் கேட்டால் போதும். பதில் எதுவாக இருந்தாலும் நமது செயல் மாறப்போவதில்லை என்றால், அந்தக் கேள்வி பிள்ளையின் நேரத்தை வீணாக்குகிறது.

இந்த ஒரு சல்லடையிலேயே பாதிக் கேள்விகள் கழிந்துவிடும். தந்தையின் தொழில், வீட்டு வருமானம், எந்த ஆடையில் கோவிலுக்கு வருகிறாய் என்பவை எல்லாம் "தெரிந்துகொண்டால் நல்லது" என்ற வகையைச் சேர்ந்தவை. மறைக்கல்வியைச் சீர்படுத்த அவை தேவையில்லை.

2. பிடித்திருக்கிறதா? பயன் தந்திருக்கிறதா?

இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பயிற்சிகளை மதிப்பிடுவதற்கு டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் நான்கு படிகளைக் காட்டினார். பங்கேற்றவர்கள் விரும்பினார்களா? எதையாவது கற்றுக்கொண்டார்களா? அவர்களது நடத்தையில் அது தெரிகிறதா? இறுதியில் என்ன விளைந்தது? நாம் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம். "வகுப்பு பிடித்திருக்கிறதா?" என்று கேட்கிறோம். எல்லாரும் "ஆம்" என்கிறார்கள். நாமும் மகிழ்ந்து போய்விடுகிறோம்.

இதனால் வரும் ஆபத்துக்கு ஓர் உண்மை எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1983-இல் 'டேர்' என்னும் போதைப்பொருள் தடுப்புப் பாடத்திட்டம் தொடங்கப்பட்டது. சீருடை அணிந்த காவலர்களே பள்ளி வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. பெற்றோரும் ஆசிரியரும் காவல்துறையினரும் பாராட்டினார்கள். நாடு முழுவதும் அது பரவியது. ஆனால் அதில் படித்த பிள்ளைகளையும் படிக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் 1990களில் அடுத்தடுத்து வெளிவந்தபோது, போதைப் பழக்கத்தைத் தடுப்பதில் நிலையான பயன் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று தெரிந்தது. 2003-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பும் இதையே எடுத்துக்காட்டியது. பின்னர் அந்தப் பாடத்திட்டமே மாற்றப்பட்டது. நல்ல எண்ணத்துக்கும் உழைப்பிற்கும் அங்கே குறைவில்லை. சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்காததுதான் குறை.

எனவே நமது கேள்வித்தாளில் விருப்பத்தைப்பற்றி இரண்டு கேள்விகள் போதும். மற்றவை பிள்ளை எதை நினைவில் வைத்திருக்கிறது, எதைச் செய்து பார்த்திருக்கிறது என்பதைத் தொடவேண்டும். "இந்த ஆண்டு வகுப்பில் கேட்ட ஏதாவது ஒரு விவிலியக் கதையின் பெயரை எழுது" என்ற ஒரு வரி, "பாடங்கள் பயனுள்ளவையா?" என்று கேட்பதைவிட அதிகம் சொல்லும்.

3. கேள்வியை எழுதும்போது

முதலாவது, பிள்ளையின் சொல்லில் எழுதுவோம். "அருளடையாள வாழ்வில் உனது பங்கேற்பு எத்தகையது?" என்பது நமக்கு எளிய வரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எளிதல்ல. "கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தாய்?" என்று கேட்டால் உடனே புரியும்.

திருஅவையின் உயர்மட்டத்திலும் இப்படி ஒரு படிப்பினை கிடைத்தது உண்டு. 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் குடும்பம் பற்றி நடைபெற்ற ஆயர் மாமன்றத்திற்காக, 2013-இல் உலகெங்கும் உள்ள மறைமாவட்டங்களுக்கு ஏறத்தாழ நாற்பது கேள்விகள் அனுப்பப்பட்டன. 'இயற்கைச் சட்டம்' பற்றியும் அதில் கேட்கப்பட்டிருந்தது. விடைகளைத் தொகுத்து 2014-இல் வெளியான மாமன்றத்தின் செயல்திட்ட ஏடு, அந்தக் கருத்து பெரும்பாலான இடங்களில் சிக்கலானதாக, சில வேளைகளில் முற்றிலும் புரியாததாக இருக்கிறது என்று ஒளிவுமறைவின்றி எழுதியது. பெரியவர்களுக்கே அப்படி என்றால் சிறுவர்களுக்குச் சொல்லவேண்டுமா?

இரண்டாவது, ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி வேண்டாம். "ஆசிரியர் அன்பாகவும் புரியும்படியும் கற்பிக்கிறாரா?" என்று கேட்டால், அன்பாக இருந்து புரியும்படி சொல்லாத ஆசிரியருக்கு எங்கே டிக் போடுவது?

மூன்றாவது, எதிர்மறை வாக்கியங்களைத் தவிர்ப்போம். "வகுப்பு சலிப்பாக இல்லை: ஆம் / இல்லை" என்று எழுதிவிட்டால், தமிழில் இரண்டு விடைக்கும் ஒரே பொருள் வந்துவிடும். சிறுவர்கள் இதில் எளிதில் தடுமாறுவார்கள்.

நான்காவது, விடையை ஊட்டிவிடக் கூடாது. "மறைக்கல்வி உன் வாழ்வுக்குப் பயனுள்ளதாக இருக்கிறது அல்லவா?" என்பது ஆமோதிக்கச் சொல்லும் வேண்டுகோள். கேள்வி ஆகாது.

ஐந்தாவது, 'எப்போதும்', 'அடிக்கடி', 'சில வேளை' என்ற சொற்களுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு வைத்திருப்பார்கள். "கடந்த நான்கு ஞாயிறுகளில் எத்தனை நாள் வகுப்புக்கு வந்தாய்?" என்று எண்ணிக்கையாகக் கேட்பது மேல். "தினமும் செபிக்கிறாயா?" என்றால் எல்லாப் பிள்ளையும் நல்ல பிள்ளையாகிவிடும். "சில நாள்களில் களைப்பால் செபிக்காமல் தூங்கிவிடுவது உண்டு. நேற்று இரவு நீ செபித்தாயா?" என்று கேட்டால் உண்மை சொல்வது எளிதாகிறது.

ஆறாவது, விடைக்கான அளவுகோலும் விடையை மாற்றிவிடும். 'முழுமையாக ஏற்கிறேன்' தொடங்கி 'சிறிதும் ஏற்கவில்லை' வரை ஐந்து படிகளில் விடையளிக்கும் முறை, ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. இன்றும் எங்கும் பயன்படுகிறது. ஆனால் எண்களை எப்படிப் போடுகிறோம் என்பதில்கூடக் கவனம் வேண்டும். நோர்பர்ட் சுவார்ஸ் என்ற உளவியலாளரும் குழுவினரும் ஜெர்மனியில் பெரியவர்களிடம், வாழ்வில் எந்த அளவு வெற்றி பெற்றிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அளவுகோலை 0 முதல் 10 வரை என்று கொடுத்தபோது 34 விழுக்காட்டினர் கீழ்ப்பாதியைக் குறித்தார்கள். அதே கேள்விக்கு -5 முதல் +5 வரை என்று கொடுத்தபோது கீழ்ப்பாதியைக் குறித்தவர்கள் 13 விழுக்காடுதான். கேள்வி ஒன்றே, விடையளிக்கும் இடங்களும் பதினொன்றே. எண்ணின் முகம் மாறியதும் மனிதரின் விடையும் மாறிவிட்டது. 1991-இல் வெளியான இந்த ஆய்வு, நாம் அச்சிடும் ஒவ்வோர் எழுத்தும் பேசுகிறது என்பதை நினைவூட்டுகிறது.

மூன்றாம் வகுப்புக்குக் கீழ் உள்ள சிறு பிள்ளைகளுக்குத் தாளே வேண்டாம். அவர்களோடு உட்கார்ந்து பேசலாம், படம் வரையச் சொல்லலாம். மேல்வகுப்புகளுக்குப் பதினைந்து கேள்விகள் போதும்.

4. எட்டுப் பிள்ளைகளும் எட்டுப் படிகளும்

மேலே சொன்ன விதிகள் அனைத்தையும் கடைப்பிடித்தாலும் கேள்வித்தாள் நம் மேசையில் பிறந்ததுதான். அது பிள்ளையின் மனத்தில் என்னவாகக் கேட்கிறது என்பதைப் பிள்ளையிடம்தான் அறியமுடியும். அதற்காகவே முன்சோதனை. ஒருவரைக் கேள்வியை வாசிக்கச் சொல்லி, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து கேட்பது இதில் ஒரு சிறந்த முறை. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வுப் புள்ளிவிவர மையம் 1980களில் இதற்கென்றே தனி ஆய்வகம் அமைத்தது. நமக்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு மர நிழலும் பொறுமையும் போதும்.

அந்த ஆசிரியை எட்டுப் பேரையும் யோசித்துத் தேர்ந்தெடுத்தார். வகுப்பில் முதல் வரும் பிள்ளைகளை மட்டும் அழைக்கவில்லை. நன்றாக வாசிப்பவர், திக்கித்திக்கி வாசிப்பவர், ஆங்கில வழிப் பள்ளியில் படிப்பதால் தமிழ் எழுத்துக் கூட்டுபவர், எப்போதாவது வருபவர், வருவதை நிறுத்திக்கொண்டவர் எனக் கலந்து அழைத்தார். ஒவ்வொருவரோடும் தனித்தனியே, ஆனால் எல்லாரும் பார்க்கும் திறந்த இடத்தில், எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடக்கத்திலேயே சொன்னார்: "இது பரீட்சை இல்ல, மார்க் கிடையாது. நாங்க கேள்விய சரியா எழுதியிருக்கோமான்னு நீதான் திருத்தப் போற."

ஒவ்வொரு கேள்விக்கும் அவர் இரண்டே விசாரணைகள் வைத்திருந்தார். "இது என்ன கேக்குது? உன் வார்த்தையில சொல்லு" என்பது ஒன்று. "அங்க டிக் பண்ணும்போது என்ன நினைச்ச?" என்பது மற்றொன்று. பிள்ளை தவறாகப் புரிந்துகொண்டாலும் திருத்தவில்லை. குறித்துக்கொண்டார். அவரது குறிப்பேட்டில் சேர்ந்தவை இவை:

- "மறைக்கல்வியில் கற்றதை அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்கிறாயா?" என்ற கேள்விக்கு ஒரு சிறுவன் 'எப்போதும்' என்று குறித்தான். என்ன நினைத்தாய் என்று கேட்டபோது, "தூங்குறதுக்கு முன்னாடி அருள் நிறைந்த மரியே சொல்லுவேன்" என்றான். நல்லதுதான். ஆனால் கேட்டவர்கள் மன்னிப்பையும் நேர்மையையும் மனத்தில் வைத்துக் கேட்டிருந்தார்கள்.

- ஆசிரியரைப்பற்றிய கேள்வியில் ஒரு சிறுமி பென்சிலை வைத்துவிட்டாள். "அன்பா இருக்காங்க மிஸ், ஆனா சொல்றது புரியல. எதுல போடட்டும்?"

- சிரித்த முகம், அழுத முகம் படங்களில் ஒருவர்கூட அழுத முகத்தைத் தொடவில்லை. "அதுல போட்டா டீச்சர் மனசு கஷ்டப்படும்ல" என்றது ஒரு பிள்ளை.

- "பேர் எழுதணுமா?" என்று கேட்டார்கள் நான்கு பேர். வேண்டாம் என்றபோது ஒருவன், "எங்க கிளாஸ்ல ஏழு பேர்தான். கையெழுத்த பாத்தாலே தெரிஞ்சிரும்" என்றான்.

- நாற்பது கேள்விகளை முடிக்க அரைமணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. கடைசிப் பக்கத்தில் பெரும்பாலோர் வாசிக்காமலே ஒரே வரிசையில் டிக் போட்டிருந்தார்கள்.

- "வகுப்புக்கு வராததற்குக் காரணம்?" என்ற கேள்விக்கு விருப்பமின்மை, உடல்நலக் குறைவு, பெற்றோர் அனுப்பாமை, தொலைக்காட்சி-கைப்பேசி என நான்கு விடைகள் அச்சிடப்பட்டிருந்தன. பத்தாம் வகுப்பு மாணவர் தேடிப்பார்த்துவிட்டு, "சிறப்பு வகுப்புன்னு இதுல இல்லையே" என்றார். அவரது பள்ளியில் ஞாயிறு காலையிலும் வகுப்பு. தாள் அப்படியே போயிருந்தால் அவர் ஏதோ ஒன்றில் டிக் போட்டிருப்பார். பேரவையும் 'விருப்பமின்மை' என்று எண்ணியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று நடந்தது. "உன் அப்பாவும் அம்மாவும் உன்னோடு சேர்ந்து குடும்ப செபம் செய்கிறார்களா?" என்பது பதினெட்டாவது கேள்வி. ஒரு சிறுமி அதுவரை உற்சாகமாக வாசித்துக்கொண்டு வந்தவள், அந்த வரியில் நின்றாள். வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "இத விட்டுடலாமா மிஸ்?" என்று கேட்டாள். அவளது தந்தை இறந்து ஓராண்டு ஆகவில்லை என்பது ஆசிரியைக்குத் தெரியும். கேள்வியை எழுதிய இருவருக்கும்கூடத் தெரியும். அடக்கத் திருப்பலிக்கு அவர்களும் வந்திருந்தார்கள். ஆனாலும் எழுதும்போது அந்தப் பிள்ளை அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

இருநூறு படிகள் போயிருந்தால், தந்தையை இழந்தவர்கள், வளைகுடாவில் தந்தை வேலை செய்பவர்கள், பாட்டியிடம் வளர்பவர்கள், பெற்றோர் பிரிந்து வாழ்பவர்கள் அத்தனை பேரும் அந்த வரியில் நின்றிருப்பார்கள். நாம் அதை 'விடையளிக்கவில்லை' என்று எண்ணிக்கையில் சேர்த்திருப்போம். அன்று மாலையே அந்தக் கேள்வி மாற்றப்பட்டது: "உன் வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து செபிப்பது உண்டா?"

5. இரண்டாம் ஒத்திகை

தனித்தனியே கேட்டுத் திருத்தியபின், உண்மையில் எப்படி நடத்தப் போகிறோமோ அப்படியே ஒருமுறை ஒத்திகை பார்க்கவேண்டும். இதற்கு இருபத்தைந்து, முப்பது பிள்ளைகள் போதும். பக்கத்துப் பங்கின் பிள்ளைகளானால் இன்னும் நல்லது. நம் பிள்ளைகள் முன்கூட்டியே கேள்விகளைப் பார்த்துவிட மாட்டார்கள். இந்த ஒத்திகையில் கவனிக்கவேண்டியவை:

- முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் குறைக்கவேண்டும்.
- எந்தக் கேள்வி அதிகமாக விடுபடுகிறது? அங்கே சொல் புரியவில்லை, அல்லது கேள்வி மனத்தைத் தைக்கிறது.
- எந்தக் கேள்விக்கு எல்லாரும் ஒரே விடை தருகிறார்கள்? அது எதையும் பிரித்துக் காட்டாது. மாற்றலாம் அல்லது நீக்கலாம்.
- 'வேறு காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதுகிறார்கள்? பலர் ஒன்றையே எழுதினால் அதை விடைகளில் ஒன்றாகச் சேர்க்கவேண்டும்.
- இரண்டு வாரம் கழித்து அதே ஐந்து கேள்விகளை மறுபடி கொடுத்தால் விடை ஒத்துப்போகிறதா? பெயருக்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையும் தானே தேர்ந்தெடுத்த ஒரு படக்குறியைத் தாளில் போட்டால் ஒப்பிடுவது எளிது. காரணமின்றி விடை மாறினால் பிழை கேள்வியில்தான் இருக்கும்.

தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் இன்று எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார்கள். எனவே ஒருவர் ஒவ்வொரு கேள்வியாக உரக்க வாசிக்க, எல்லாரும் சேர்ந்து விடையளிப்பது நல்லது. அவ்வாறே ஒத்திகையும் நடக்கட்டும். ஒத்திகைக்குப் பின் கேள்விகளை மாற்றினால், ஒத்திகையில் கிடைத்த விடைகளை இறுதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

6. பிள்ளைகளின் பாதுகாப்பு

பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பி இசைவு பெறுவோம். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. கைப்பேசி வழியாகக் கேள்விகளை அனுப்ப நினைக்கும் பங்குகள் இதை மறக்கக் கூடாது. பெயர் கேட்கவேண்டாம். பிள்ளைக்கும் "விருப்பமில்லை என்றால் எழுதாமல் இருக்கலாம்" என்று சொல்லவேண்டும். தாள்களை வகுப்பாசிரியர் வாங்காமல், மூடிய பெட்டியில் பிள்ளைகளே போடட்டும். ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள வகுப்பின் விடைகளைத் தனியாக வெளியிடவேண்டாம்.

அதே நேரத்தில், "நீ எதைச் சொன்னாலும் யாரிடமும் சொல்லமாட்டோம்" என்று வாக்களிக்கவும் கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் துன்பத்தை எழுதிவிட்டால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். அப்படி ஒரு தாள் வந்தால் யார், என்ன செய்வது என்பதைக் கேட்பதற்கு முன்பே தீர்மானித்திருக்கவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐத் தாளின் அடியில் அச்சிடுவது நல்லது.

மறைக்கல்வி ஆசிரியர்களையும் மறந்துவிடக் கூடாது. அவர்களுக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் கேட்பது வேவு பார்ப்பதாகும். கேள்விகளை முதலில் அவர்களிடம் காட்டி, எவரையும் தனிப்பட்ட முறையில் எடைபோடுவதற்காக இது நடத்தப்படவில்லை என்று உறுதி சொல்லவேண்டும்.

7. விடைகள் வந்தபின்

சிறிய எண்ணிக்கைக்கு விழுக்காடு தேவையில்லை. "பத்துப் பேரில் ஏழு பேர்" என்று சொன்னால் போதும். அடுத்த ஆண்டும் ஒப்பிடவேண்டுமானால் அதே கேள்விகளை அதே சொற்களில் வைத்துக்கொள்ளவேண்டும். மாற்றம் தெரிந்தாலும், அது வகுப்பினால்தான் வந்தது என்று அவசரப்பட்டுப் பெருமை கொள்ளவேண்டாம். வீடும் பள்ளியும் வயதும் சேர்ந்தே பிள்ளையை மாற்றுகின்றன.

மிக முக்கியமானது, ஞாயிறன்று வகுப்பறையில் தாளைக் கொடுத்தால் வந்தவர்களின் விடைகள் மட்டுமே கிடைக்கும். நாம் அறியவேண்டியதோ வராதவர்களின் மனத்தை. தொண்ணூற்றொன்பது ஆடுகளிடம் கேட்டு, காணாமற்போன ஆட்டைப்பற்றி அறியமுடியாது. அந்தப் பங்கில் அன்பியப் பொறுப்பாளர்கள் வழியாக வராத பிள்ளைகளின் வீடுகளுக்கும் தாள் சென்றது. மூடிய உறையில் திரும்பி வந்தது.

இந்த யோசனைகூட அந்த எட்டுப் பேரில் ஒருவரிடமிருந்து வந்ததுதான். வருவதை நிறுத்திக்கொண்ட அந்தப் பெண்ணிடம் ஆசிரியை, "ஏன்மா இப்ப வர்றதில்ல?" என்று கேட்டார். அவள் வியப்போடு பார்த்தாள். "அதான் முடிஞ்சிருச்சே மிஸ். உறுதிபூசுதல் கிளாஸ் முடிஞ்சு சர்டிபிகேட்டும் குடுத்துட்டாங்களே" என்றாள். பக்திக் குறைவும் இல்லை, கைப்பேசியும் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். அப்படி நினைக்கும்படி நாம்தான் நடந்துகொண்டிருக்கிறோம். மேடையில் சான்றிதழ் கொடுத்தோம், கைதட்டினோம், அடுத்த ஞாயிறு வா என்று ஒருவரும் சொல்லவில்லை.

நாற்பது கேள்விகளில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை. திருத்திய தாளில் "முடிந்துவிட்டது என்று நினைத்தேன்" என்பதும் ஒரு விடையாகச் சேர்ந்தது. வீடுகளிலிருந்து திரும்பி வந்த உறைகளில் பலர் அதையே குறித்திருந்தார்கள். சிறப்பு வகுப்பைக் குறித்தவர்களும் இருந்தார்கள். மேல்வகுப்புகளை மூடும் பேச்சு அத்தோடு நின்றது. பத்தாம் வகுப்பினருக்கு நேரம் மாற்றப்பட்டது. அடுத்த உறுதிபூசுதல் விழாவில், சான்றிதழோடு அடுத்த ஆண்டுக்கான நூலும் கையில் கொடுக்கப்பட்டது.

பிள்ளைகள் என்ன சொன்னார்கள், அதனால் எது மாறுகிறது, எதை மாற்ற இயலவில்லை, ஏன் என்பதைப் பங்குத்தந்தை ஒரு ஞாயிறு பிள்ளைகளிடமே எடுத்துச் சொன்னார். கேட்டுவிட்டு மறந்துபோவது கேட்காமல் இருப்பதைவிட மோசமானது. அடுத்தமுறை கேட்டால் பிள்ளைகள் உண்மை சொல்லமாட்டார்கள்.

அன்புக்குரியவர்களே, முன்சோதனைக்கு அந்தப் பங்கு செலவிட்டது இரண்டு ஞாயிறுகளும் சில ஜெராக்ஸ் படிகளும்தான். ஆனால் அதற்குத் தாழ்ச்சி தேவைப்பட்டது. நமது கேள்வியே பிழையாக இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ளவேண்டியிருந்தது. பெத்சாய்தாவில் அந்த மனிதர் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லத் துணிந்ததால்தான் இரண்டாம் தொடுதல் கிடைத்தது. நம் பிள்ளைகளும் அப்படிச் சொல்லத் துணியும்படி கேட்போம். அவர்கள் சொன்னபின் மீண்டும் கைவைக்கத் தயாராக இருப்போம்.

சிந்தனைக்கு:

1. நமது பங்கில் மறைக்கல்வியைப்பற்றிப் பிள்ளைகளிடம் கடைசியாக எப்போது கேட்டோம்? அவர்கள் சொன்னதால் எது மாறியது?

2. வருவதை நிறுத்திக்கொண்ட பிள்ளைகளில் ஒருவரையாவது இந்த மாதம் சந்தித்துக் காரணம் கேட்க முடியுமா?

3. நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில், ஏதாவது ஒரு பிள்ளையின் மனத்தைத் தைக்கும் கேள்வி இருக்கிறதா?